மொத அட்டை யாருது?

கருப்புசாமிக்கு அன்னைக்குக் காலையில டீ எறங்கவே இல்ல. டீ மேல குத்தமில்ல. எதுத்தாப்புல உக்காந்து அதே டீயக் குடிச்சுக்கிட்டிருந்த பய மேலதான் குத்தம்.

ஆசாத்துன்னு பேரு. வக்கீல் அக்பர் அலிகிட்டப் புதுசா சேந்திருக்கிற ஜூனியர். வெள்ளச் சட்டை, அதுக்கு மேல கறுப்புக் கோட்டு, மடியில லேப்டாப்பு. அதெல்லாங்கூடப் பொறுத்துக்கலாம். ஆனா ரஃபியாவப் பாத்து 'அக்கா'ங்கிறான் பாருங்க, அதைத்தான் கருப்புசாமியால தாங்க முடியல. பேகம்பூர்ல பெல்ட்டுக் கடை மாடியில ரஃபியா துப்பறியிற ஆபீஸ் போட்ட நாள்லருந்து அவளுக்கு ஆட்டோ ஓட்டுறது இவன். ஆளுக பின்னாடி மோப்பம் புடிச்சுப் போறது இவன். மாட்டிக்கிட்டா அடி வாங்குறதும் இவன். 'அக்கா'ங்கிறது இவன் அடி வாங்கிச் சம்பாதிச்ச வார்த்தை. அதை ஒருத்தன் வந்த மறுநாளே எடுத்து வாயில போட்டுக்கிட்டா வயிறு எரியுமா எரியாதா?

"அக்கா, அட்டை மொத்தமும் காணாமப் போச்சு"ன்னான் ஆசாத்து. "திங்கக்கெழம வழக்கு வருது. அதுக்குள்ள கெடைக்கலன்னா கேஸ் அவ்வளவுதான்."

"எந்த அட்டை, ரேசன் அட்டையா?"ன்னான் கருப்புசாமி.

ரஃபியா சிரிக்கல. அவ ஒரு நர்சிங் ஹோம்ல ரொம்ப காலம் வரவேற்பு மேசையில உக்காந்திருந்தவ. உள்ள வர்ற மூஞ்சியப் பாத்ததுமே இவன் நோயாளி, இவன் தொணைக்கு வந்தவன், இவன் லீவு சர்டிபிகேட்டுக்காக இருமுறவன்னு பிரிச்சுச் சொல்லிருவா. அந்தக் கண்ணுதான் இப்ப அவளுக்குச் சோறு போடுது.

"மாத்திரை அட்டையா?"ன்னு கேட்டா.

"ஆமாக்கா. ஜெல்மோரின்."

கேட்டுக்கங்க, சங்கதி இதுதான். ஜெல்மோரின்னு மூட்டு வலிக்கு ஒரு மாத்திரை. பேரு யாரு வாயிலயும் நொழையாது, பச்சை அட்டை மாத்திரைன்னுதான் சொல்லுவாக. தின்னா முழங்கால் வலி நிக்குறது நெசம். ஆனா வலி நின்ன கொஞ்ச மாசத்துல கண்ணு மங்க ஆரம்பிச்சிருச்சு. ஒருத்தர் ரெண்டு பேருக்கில்ல, ஊர் ஊருக்கு ஆளு. கம்பெனிக்காரன் சத்தங்காட்டாம கடைகள்லருந்து சரக்கத் திருப்பி எடுத்துக்கிட்டான். அக்பர் அலி பாதிக்கப்பட்டவுகளத் தெரட்டி கன்சூமர் கோர்ட்டுல கேஸ் போட்டிருக்காரு. மனுவுல மொதப் பேரு ஆத்தூருப் பக்கம் சுந்தரம்மாள். அந்தம்மாவுக்கு ரெண்டு கண்ணும் போச்சு.

"கம்பெனி வக்கீல் கேக்குறது ஒரே கேள்விதான்"ன்னான் ஆசாத்து. "எங்க மாத்திரைய இந்தம்மா சாப்பிட்டதுக்கு என்ன அத்தாட்சி? தீந்த அட்டைதான் அத்தாட்சி. அதோட ஓரத்துலதான் பேட்ச் நம்பர் இருக்கு. ஒரு டப்பா நெறைய வச்சிருந்தாங்க. எடுத்து வைங்கன்னு நேத்து சாயந்தரம் போன் பண்றேன், ஒண்ணுகூட இல்லங்கறாங்க."

"நீ என்ன நெனைக்கிற தம்பி?"ன்னு ரஃபியா கேட்டா.

கருப்புசாமி டீ கிளாச டொக்குன்னு கீழ வச்சான். இத்தன வருசத்துல அவனப் பாத்து ஒருநாளாவது 'நீ என்ன நெனைக்கிற'ன்னு கேட்டிருக்காளா? 'வண்டிய எடு'ம்பா. 'வாய மூடு'ம்பா. அம்புட்டுத்தான்.

"கம்பெனி ஆளுதான் அக்கா. போன வாரம் வெள்ளக் கார்ல ஒருத்தன் வந்திருக்கான். ஸ்வீட் பாக்ஸ் குடுத்து, கோர்ட்டு வேணாம், கண்ணு ஆபரேசனுக்கு நாங்க பாத்துக்கிறோம்னு பேசியிருக்கான். வெரட்டி விட்டுட்டாங்க. அந்தக் கோவத்துல ஆள் வச்சுத் தூக்கியிருக்கணும்."

"நல்லா யோசிச்சிருக்க."

"நானுந்தான் யோசிச்சேன்"ன்னான் கருப்புசாமி.

"என்ன?"

"வண்டிக்கு டீசல் போடணும்னு."

"வண்டிய எடு"ன்னா ரஃபியா.

செம்பட்டி ரோட்டுல போறப்ப ஆசாத்து பின்னாடி ரஃபியா பக்கத்துல உக்காந்து லேப்டாப்பத் தொறந்து என்னத்தையோ காட்டிக்கிட்டே வந்தான். அவளும் 'அப்படியா, அப்படியா'ன்னு கேட்டுக்கிட்டா. கருப்புசாமி கண்ணாடியத் திருப்பி வச்சு ரெண்டு பேரையும் பாத்தான். அன்னைக்குப் பாருங்க, ரோட்டுல இருந்த பள்ளம் எல்லாம் ஆசாத்து உக்காந்த பக்கமாவே வந்துச்சு. தானா வந்துச்சா, வரவெச்சானாங்கிறது கருப்புசாமிக்கே வெளிச்சம்.

"ஏலே, அவன் இடுப்பு ஒடஞ்சா உனக்கு என்ன கெடைக்கும்?"ன்னா ரஃபியா.

"நிம்மதிக்கா."

ஆத்தூரத் தாண்டி உள்ள போனா அந்த ஊரு. மல்லிகத் தோட்டமும் தென்னந்தோப்புமா கெடக்கும். அண்ணன் தம்பி ரெண்டு குடும்பத்துக்கும் பக்கத்துப் பக்கத்துல வீடு, நடுவுல பொதுவா ஒரே முத்தம். ஆம்பளைக ரெண்டு பேரும் பூ மூட்டைய ஏத்திக்கிட்டு மார்க்கெட்டுக்குப் போயிட்டாக. மூத்தவரு பொண்டாட்டி சுந்தரம்மாள் மட்டும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு முத்தத்துல கட்டில் மேல உக்காந்திருந்தா. பக்கத்துல ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ஆசாத்து அதப் பாத்துக் கால வைக்கிறதுக்குள்ள கருப்புசாமி போயி உக்காந்து கால் மேல கால் போட்டுக்கிட்டான். ரஃபியா கட்டில்ல உக்காந்தா. ஆசாத்து நின்னான்.

"வந்தது யாரு, துப்பறியிறவுகளா?"ன்னா சுந்தரம்மாள். "வாங்கம்மா. கண்ணு முன்னாடி சாம்பலக் கரைச்சு ஊத்தின மாதிரி இருக்கு எனக்கு. கை தடவித்தான் எல்லாம். அந்தா கட்டிலுக்கு அடியில டப்பா இருக்கு, எடுத்துப் பாருங்க."

பிஸ்கட்டு டப்பா. ரஃபியா மூடியத் தொறந்தா. உள்ள ஒரு பேப்பர்ல சுத்தி ஒரு சோடி தங்கத் தோடு, ரெண்டு ஊக்கு, ஒரு களிம்பு டியூபு. அட்டை ஒண்ணுகூட இல்ல.

"தோடு இருக்கே?"

"அதுதான எனக்கும் புரியல. பச்சை அட்டை மட்டும் போயிருந்தாக்கூடச் சரிம்பேன். காச்ச மாத்திரை அட்டை, வாய்வு மாத்திரை அட்டை, எங்க வீட்டுக்காரரு பிரசர் மாத்திரை அட்டை, அம்புட்டையும் வழிச்சு எடுத்துட்டுப் போயிட்டான் படுபாவி."

"களவாணிக்கு வாய்வுத் தொந்தரவும் இருக்கும் போல"ன்னான் கருப்புசாமி.

"அவசரம் அக்கா. யாராவது வந்துருவாங்கன்னு கையில கெடச்சத அள்ளியிருக்கான்"ன்னான் ஆசாத்து.

ரஃபியா டப்பாவ ஒருதரம் குலுக்குனா. "அவசரக்காரன் டப்பாவோடல்ல தூக்கிட்டுப் போவான் தம்பி? இது நின்னு நெதானமா, தோட்டை ஒதுக்கி, ஊக்கை ஒதுக்கி, அட்டைய மட்டும் பொறுக்கின கை. அம்புட்டு நெதானமா பொறுக்கினவன் பச்சை எது, மத்தது எதுன்னு ஏன் பாக்கல?"

ஆசாத்து கோட்டுப் பித்தானத் திருகுனான். கருப்புசாமிக்குக் காலையிலருந்து மொதத் தடவையா மனசு குளுந்துச்சு.

"ஆமா, இந்த மாத்திரைய எப்படிம்மா வாங்குவீக?"ன்னு ரஃபியா பேச்ச மாத்துனா.

"எப்படி வாங்குவாக? தீந்த அட்டையக் கொண்டுபோயி மெடிக்கல்ல காட்டுவேன், இதே மாதிரி குடுங்கம்பேன், குடுப்பான். அதுக்குத்தான தீந்ததத் தூக்கிப் போடாம வச்சிருக்கது? எல்லா வீட்லயும் அப்படித்தான்."

"எங்க வீட்லயும் அப்படித்தான்"னு ரஃபியா தலைய ஆட்டுனா. "சரி, மொதத் தடவ எந்த அட்டையக் காட்டுனீக?"

சுந்தரம்மாளோட கை சேலத் தலைப்பத் தேடிப் புடிச்சுச்சு. முறுக்குனா. "மொதத் தடவ... டாக்டரு எழுதிக் குடுத்தாரு. அந்தச் சீட்டு எங்கயோ போயிருச்சு."

"சீட்டு தொலைஞ்சு போச்சுன்னு மனுவுலயே எழுதியிருக்கோம் அக்கா"ன்னான் ஆசாத்து.

"எழுதியிருப்பீக"ன்னா ரஃபியா. "இங்க வந்து போற ஆளு யாரு?"

"வேற யாரு? எங்க ஓரகத்தி ஒச்சாயி. கொழுந்தன் பொண்டாட்டி. அந்த வீடு அவளுதுதான்." சுந்தரம்மாள் கொரல எறக்குனா. எறக்கின மாதிரி நெனச்சுக்கிட்டா, தெருவுக்கே கேட்டுருக்கும். "இப்ப எனக்குச் சோறு தண்ணி அவதான் பாக்குறா, இல்லங்கல. ஆனா பொறாம புடிச்சவம்மா. நான் கிரைண்டர் வாங்குனா அவ கிரைண்டரு. நான் மெத்தை வாங்குனா அவ மெத்தை. நான் மூக்குத்திய மாத்துனா மறுவாரம் அவ மூக்குல அதே மூக்குத்தி. எனக்கு முதுகுல கட்டி வந்தப்ப, ஏண்டி ஒச்சாயி உனக்கு எப்போன்னு ஊரே கேட்டுச் சிரிச்சுச்சு. டிவிக்காரவுக வந்து என்னப் படம் புடிச்சாகள்ல, அன்னைக்கு அவளுக்கு வெஞ்சனம்கூட ஒழுங்கா வைக்க வரல. உப்புக் கரிச்சுச்சு."

"சில பேருக்கு அடுத்தவன் எத வச்சிருக்கானோ அதுதான் வேணும்"னு கருப்புசாமி ஆசாத்து கோட்டப் பாத்துக்கிட்டே சொன்னான்.

அந்நேரம் பக்கத்து வீட்டுலருந்து ஒச்சாயி தட்டுல காப்பி கொண்டுக்கிட்டு வந்தா. ஒல்லியா, வெடுக்குன்னு நடக்கிற பொம்பள. நேரா நாற்காலிகிட்ட வந்து நின்னா.

"வக்கீல் தம்பி, காப்பி எடுத்துக்கங்க"ன்னா.

கருப்புசாமி நிமிந்து உக்காந்தான். ஒருதரம் பின்னாடி திரும்பிக்கூடப் பாத்துக்கிட்டான். இல்ல, அவனத்தான் சொன்னா. டம்ளர எடுத்து நீட்டறப்ப அவ ஆள்காட்டி வெரலு விளிம்புக்கு உள்பக்கமா மடங்கியிருந்துச்சு. வேற ஆளுன்னா வேணாம்னுருப்பான். வக்கீல்னு சொன்ன வாய்க்காக வாங்கி ஒரே மடக்கா குடிச்சான்.

"டிரைவரு தம்பிக்கு அந்தா இன்னொண்ணு இருக்கு, எடுத்துக்கப்பா"ன்னு ஒச்சாயி ஆசாத்துப் பக்கம் தட்ட நீட்டுனா.

ஆசாத்து சிரிச்சுக்கிட்டே எடுத்துக்கிட்டான். கருப்புசாமிக்கு அந்தக் காப்பி மாதிரி ஒரு காப்பி பொறந்ததுலருந்து குடிச்சதில்லன்னு தோணுச்சு.

ஒச்சாயி போன பொறகு ரஃபியா எந்திரிச்சா. "கருப்பு, செத்த வா." வண்டி நின்ன எடத்துக்குக் கூட்டிட்டுப் போனா. ஆசாத்தக் கூப்பிடல. அது ஒரு சந்தோசம். அடுத்து கேட்டா பாருங்க ஒரு கேள்வி.

"நீ என்ன நெனைக்கிற கருப்பு?"

கருப்புசாமி சட்டைய இழுத்து விட்டுக்கிட்டான். "அக்கா, அந்த ஒச்சாயி தங்கமான பொம்பளக்கா. ஆள் தரம் தெரிஞ்சவ. பாத்த ஒடனே வக்கீல் யாரு, டிரைவர் யாருன்னு கண்டுபுடிச்சிருச்சு பாருங்க."

"கண்டுபுடிச்சுச்சா? நீ போட்டிருக்கிறது என்ன சட்டை?"

"காக்கி."

"அவன்?"

"கறுப்புக் கோட்டு..."

"இந்த வெயில்ல அந்தக் கோட்டு கொடைக்கானல் மலையிலருந்து பாத்தாத் தெரியும். ரெண்டடி தள்ளி நின்னவளுக்கு ஏன் தெரியல?"

கருப்புசாமி வாயத் தொறந்தான். தொறந்தபடியே முத்தத்துல நின்ன கோட்டத் திரும்பிப் பாத்தான்.

"அவ உன்னப் பாக்கல. கணக்குப் போட்டா. இருக்கிறது ஒரு நாற்காலி, அதுல வக்கீல்தான உக்காந்திருப்பான்? டம்ளருக்குள்ள வெரல விட்டிருந்தாளே, அது அழுக்குப் பழக்கமில்ல. காப்பி எதுவரைக்கும் நெறைஞ்சிருக்குன்னு கண்ணால பாக்க முடியாதவ வெரலால பாக்குறா. இப்பச் சொல்லு, டப்பாவுல பச்சை அட்டை எதுன்னு தெரியாம எல்லா அட்டையையும் பொறுக்கின கை யாரு கை?"

"அப்ப நான் வக்கீல் மாதிரி இல்லையாக்கா?"

"ஏலே!"

"சரிக்கா, சரிக்கா." கருப்புசாமி செருப்பால தரையச் சீண்டுனான். பொறவு மெதுவா சொன்னான், "கண்ணு போச்சுன்னு அது ஏன் வெளிய சொல்லலன்னு எனக்குத் தெரியும்க்கா."

"ஏன்?"

"எப்படிச் சொல்லும்? மூத்தவ எது வாங்குனாலும் இதுவும் வாங்கும்னு ஊரே சிரிக்குது. எனக்கும் கண்ணு தெரியலன்னு வாயத் தொறந்தா, பாரு, கண்ணு போனதையும் பாத்துப் பண்றான்னுதான சொல்லுவாக? காலையில ஆசாத்துக்குத் தலவலின்னதும் தைலம் எடுத்துக் குடுத்தீகல்ல? எனக்குந்தான் வலிச்சுச்சு. சொல்லல."

"ஏன் சொல்லல?"

"அவனப் பாத்துச் சொல்றேன்னு நெனப்பீக."

ரஃபியா அவனையே பாத்தா. சிரிக்கல, திட்டல. "இப்ப எப்படி இருக்கு தலவலி?"

"வக்கீல்னதும் போயிருந்துச்சு. இப்பத் திரும்ப வந்திருச்சு."

"வா. துப்பு உன்னுது. நீயும் கூட இருக்கணும்"னா ரஃபியா.

ஒச்சாயி அவ வீட்டுக்குள்ள மொறத்துல மல்லிகையக் கொட்டி வச்சு கட்டிக்கிட்டிருந்தா. வெரலு பாட்டுக்கு ஓடுது, மூஞ்சி செவுத்தப் பாத்திருக்கு. ரஃபியா எதுக்க உக்காந்து மூடின கைய நீட்டுனா.

"ஒச்சாயி, இது என்ன கலருன்னு சொல்லுங்க பாப்போம்."

"பூவுல ஒண்ண எடுத்து வச்சுக்கிட்டு இது ஒரு கேள்வியா? வெள்ளதான்."

"கைய மூடித்தான் வச்சிருக்கேன். உள்ள ஒண்ணும் இல்லம்மா."

வெரலு நின்னுருச்சு. நூலு பாதிக் கட்டுல தொங்குது.

"எப்பருந்து?"ன்னா ரஃபியா.

"அவளுக்கு முன்னாடியே." ஒச்சாயி கொரலு தரையிலருந்து வந்த மாதிரி வந்துச்சு. "முழுசாப் போகல. ஆளு வந்தா நெழலாட்டம் தெரியும். ஆருன்னு தெரியாது. மொதல்ல டாக்டர்கிட்டப் போனது நானு. சீட்டு எம்பேருலதான் எழுதுனாரு. நாலு நாள்ல நான் கொளத்துக்கு நடந்து போயிட்டு வந்தத அவ பாத்துட்டா. எனக்கும் ஒண்ணு குடுடின்னா. குடுத்தேன். பொறவு என் தீந்த அட்டைய வாங்கிட்டுப் போயி மெடிக்கல்ல காட்டி அவளா வாங்கிக்கிட்டா. மொத அட்டை என்னுதும்மா."

"அப்ப இந்த ஒரு விசயத்துல யாரப் பாத்து யாரு வாங்குனா?"

"அதச் சொல்ல முடியுமா அவளால? மகாராணி! அவ கண்ணு போனதும் ஊரே ஓடி வருது. வக்கீலு வாராக. டிவிக்காரன் வாரான். அவளக் கட்டில்ல உக்கார வச்சு, நான் பக்கத்துல தாங்கிப் புடிச்சு நிக்கிறேன், அந்தப் பய சொல்றான், 'அம்மா நீங்க செத்த தள்ளி நில்லுங்க, படத்துல விழுறீங்க'ன்னு. எனக்கும் அதே மாத்திரை. எனக்கும் அதே இருட்டு. நான் தள்ளி நிக்கணும்!" கண்ணுல தண்ணி வந்துச்சு, தொடைக்கல. "நான் சொன்னா எவ நம்புவா? உனக்கு எப்படி ஒச்சாயி, கிரைண்டர் மாதிரியான்னு கேப்பாளுக."

கருப்புசாமி தலையக் குனிஞ்சுக்கிட்டான்.

"அதுக்குத்தான் அட்டைய எடுத்தீகளா?"

"என் மாத்திரைய வச்சு அவ மட்டும் செயிக்கணுமாக்கும். ரெண்டு பேரும் இருட்டுலயே கெடப்போம்னு எடுத்துட்டேன்."

"எங்க போட்டீக? அடுப்புலயா?"

ஒச்சாயி எந்திரிச்சா. செவுத்தத் தடவிக்கிட்டே போயி ஒரு தலகாணியக் கொண்டாந்து ரஃபியா மடியில போட்டா. நொறுநொறுன்னு சத்தம் கேட்டுச்சு. "போட மனசு வரல. டாக்டரு எழுதின சீட்டும் அதுக்குள்ளதான் இருக்கு. நான் எதையும் தொலைக்க மாட்டேன்."

"பொய்யி!"

வாசல்ல சுந்தரம்மாள். முத்தத்துலருந்து நெலைய எட்டிப் புடிச்சு நிக்கிறா, பின்னாடியே ஆசாத்து. எப்பருந்து நின்னாளோ. "அம்புட்டும் பொய்யி! எனக்குத்தான் டாக்டரு எழுதுனாரு! இவ என்னப் பாத்துத்தான் எல்லாம் பண்ணுவா, ஊருக்கே தெரியும்!"

"உக்காருங்கம்மா"ன்னா ரஃபியா. "திங்கக்கெழம கம்பெனி வக்கீல் அந்த டாக்டரக் கூண்டுல ஏத்தி, சுந்தரம்மாளுக்கு எழுதினீகளான்னு ஒத்தக் கேள்வி கேப்பான். அவரு இல்லம்பாரு. அந்த நிமிசமே உங்க கேஸு படுத்துரும். உங்க பேருக்குக் கீழ இருக்கிற அத்தன பேரு கேஸும் படுத்துரும். மொதப் பேருக்காரியே பொய் சொல்றவன்னு ஆயிப்போகும். இல்லயா தம்பி?"

ஆசாத்து மூஞ்சி வெளுத்திருந்துச்சு. "ஆமா. ஆனா ஒச்சாயியம்மா மொதல் மனுதாரர்னா, சீட்டு இருக்கு, அட்டை இருக்கு. நீங்க ரெண்டாவது. சீட்டில்லாம மாத்திரை வித்த மெடிக்கலையும் சேத்துக்குவோம். கேஸ் நிக்கும்மா. முன்னைவிடப் பலமா நிக்கும்."

"அப்ப மொதப் பேரு இவ பேரா?"

"ஆமாம்மா"ன்னான் ஆசாத்து.

"நான் இவளப் பாத்து வாங்கித் தின்னேன்னு கோர்ட்டுல எழுதுவீகளா? டிவியில சொல்லுவீகளா?"

சுந்தரம்மாள் ஒதடு நடுங்குது. கண்ணு போனதுக்குக்கூட அப்படி நடுங்கியிருக்காது. அவ இப்ப மாட்டேன்னா, அந்தத் தலகாணிக்குள்ள இருக்கிறது வெறுங்குப்பதான்.

"எனக்கு மொதப் பேரெல்லாம் வேணாம்"னா ஒச்சாயி. "போட்டோ புடிக்கிறப்ப தள்ளி நிக்கச் சொல்லாம இருந்தாப் போதும்."

சுந்தரம்மாள் அந்தக் கொரலு வந்த தெசைக்குத் திரும்புனா. நெலைய விட்டுட்டு ஒரு எட்டு வச்சா. பொறவு கேட்டா, "எந்தக் கண்ணுடி மொதல்ல போச்சு?"

"எடது."

"எனக்கு வலது."

"ம்."

"இதுலயாவது நீ என்னப் பாத்துப் பண்ணல." சொல்லிட்டு மூக்கச் சிந்துனா சுந்தரம்மாள். சிரிச்சாளா அழுதாளான்னு கருப்புசாமிக்குத் தெரியல. "தம்பி, எழுதிக்கப்பா. நான் இவகிட்டதான் வாங்கித் தின்னேன். மொத அட்டை இவளுது. மொதப் பேரும் இவளுதாவே இருக்கட்டும்."

ஆசாத்து லேப்டாப்பத் தொறந்தான். ரஃபியா தலகாணி வாயப் பிரிச்சா. கொட்டுச்சு பாருங்க, பச்சையும் செவப்புமா, வீட்டுல உள்ள வியாதி அம்புட்டும்.

ஒச்சாயி கண்ண அன்னைக்கே கண்ணாஸ்பத்திரியில காட்டி சர்டிபிகேட் வாங்கியாகணும். விடிஞ்சா ஞாயித்துக்கெழம. சுந்தரம்மாள் தானும் வருவேன்னு ஒத்தக் கால்ல நின்னா. அவ மட்டும் ஆட்டோவுல போறதாக்கும்னு வாய்விட்டே சொன்னா.

"ஆசாத், நீ முன்னாடி கருப்புகூட ஒட்டிக்க"ன்னா ரஃபியா.

'அக்கா'ங்கிற வார்த்தை போச்சு, இப்ப டிரைவர் சீட்டுலயும் பாதி போச்சு. கருப்புசாமி ஒரு பக்கமா நகந்து எடம் விட்டான். கோட்டு வேற அவன் மூஞ்சியில உரசுச்சு.

"அண்ணே, ஒச்சாயியம்மா விசயத்த நீங்கதான் கண்டுபுடிச்சீங்கன்னு அக்கா சொன்னாங்க"ன்னான் ஆசாத்து.

"கோட்டக் கழட்டுப்பா, வேகுது"ன்னான் கருப்புசாமி. அதுக்கு மேல அவனாலயும் எறங்கி வர முடியல.

பின்னாடி நடுவுல ரஃபியா, ரெண்டு ஓரத்துலயும் ரெண்டு பேரு. யாரு எந்தப் பக்கம்னு அதுக்கும் ஒரு சண்டை. கடைசியில சுந்தரம்மாள்தான் விட்டுக் குடுத்தா. "நீ அந்தப் பக்கமே உக்காரு. உனக்குக் கொஞ்சமாவது வெளிச்சம் மிச்சமிருக்கு. கொளம் வந்தாச் சொல்லு. பேஞ்ச மழைக்குத் தண்ணி வந்திருச்சாம்ல, எல்லாரும் பேசிக்கிறாக."

வண்டி ஊரத் தாண்டுச்சு. வளைவு திரும்புனதும் ஒச்சாயி வெளிய எட்டிப் பாத்தா. "கொளம் வந்திருச்சுக்கா. நெறைஞ்சு கெடக்கு. கொக்கெல்லாம் நிக்குது."

கருப்புசாமி திரும்பிப் பாத்தான். ஒச்சாயி பக்கம் இருந்தது செங்கச் சூளை. வாயத் தொறந்தான். பின்னாடியிருந்து ரஃபியா கை வந்து அவன் தோளப் புடிச்சு அமுக்குச்சு.

"கொக்கா?"ன்னா சுந்தரம்மாள். "ஈரக்காத்து என் கன்னத்துல அடிக்குது. கொளம் என் பக்கம்டி ஒச்சாயி."

ஒச்சாயி வெளிய நீட்டின தலைய உள்ள இழுத்துக்கிட்டா.

"அப்ப நீயே பாத்துச் சொல்லுக்கா"ன்னா ஒச்சாயி.

சுந்தரம்மாள் கறுப்புக் கண்ணாடியக் கழட்டுனா. மூஞ்சியக் காத்துல நீட்டி, நல்லாப் பாக்குறவ மாதிரியே பாத்தா.

"தண்ணி நெறைஞ்சுதான் கெடக்கு"ன்னா. "கொக்குதான் ஒண்ணும் இல்ல."

கருப்புசாமி அந்தப் பக்கம் பாத்தான். கரை நெடுக வெள்ள வெளேர்னு கொக்கு. ஆசாத்தும் பாத்தான். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டு, வாயத் தொறக்காம வந்தாங்க.